பின்கேட் மைதானம்

ஜனவரி 19, வியாழன்

கிடைத்துவிட்டது! மூன்று மனு எழுதினேன், இரண்டு முறை நேரில் போய் நின்றேன். எதுவும் வீண்போகவில்லை. பின்கேட்டுக்குப் பக்கத்தில், பழைய கொட்டகைக்குப் பின்னால் சும்மா கிடக்கும் இடத்தை எங்கள் பேட்டரி ஆலையின் மகளிர் த்ரோபால் அணிக்கு ஒதுக்கி, மனிதவள மேலாளர் கிருபாகரன் சார் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

"நிரோஷா, நீங்க இங்க நர்ஸ் வேலைக்கு வந்தீங்களா, பி.டி. டீச்சர் வேலைக்கு வந்தீங்களா?" என்று கேட்டார்.

"ரெண்டுக்கும்தான் சார்."

சிரித்துவிட்டார். நான் நடந்து வரவில்லை, ஓடி வந்தேன். பேக்கிங் பிரிவில் அம்சவேணி அக்காவிடம் கண்ணாடிக்கு வெளியே நின்று கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன். அவள் கையிலிருந்த டேப்பை விட்டுவிட்டுக் குதித்தாள். எங்கள் கேப்டன் அவள். முப்பத்து மூன்று வயது, நான்கு வயதில் ஒரு பெண் குழந்தை. ஆனால் குதிப்பதைப் பார்த்தால் பிளஸ் டூ மாணவி என்பார்கள்.

மாவட்டத் தொழிற்சாலைகளுக்கு இடையிலான போட்டி மார்ச்சில் ஆரம்பம். இறுதி ஆட்டம் மே தினத்தன்று. இதுவரை எங்களுக்குப் பயிற்சி செய்ய ஒரு கஜம் நிலம்கூடக் கிடையாது. இனி உண்டு!

ஜனவரி 22, ஞாயிறு

உடம்பெல்லாம் வலி. நல்ல வலி.

சீமைக்கருவேல முள்ளை நேற்றே பொக்லைன் வைத்து வாரிவிட்டார்கள். இன்று நாங்கள் பதினோரு பேரும் போய்க் கல் பொறுக்கி, மண்ணைச் சமப்படுத்தினோம். வலை கட்டக் கம்பம் நடக் குழி தோண்டியபோது சாம்பல் நிறத்தில் கட்டி கட்டியாக வந்தது. சுண்ணாம்பு என்றாள் ஒருத்தி, பழைய சிமெண்ட் என்றாள் இன்னொருத்தி. மோல்டிங் பிரிவு தில்ஷாத் ஒரு கட்டியைக் கையில் தூக்கிப் பார்த்து, "இன்னாக்கா இது, இத்துணூண்டு இருக்குது, இந்தக் கனம் கனக்குது?" என்றாள். ஓரமாகப் போட்டுவிட்டு வேலையைப் பார்த்தோம்.

அம்சவேணி அக்காவின் மகள் மித்ராவுக்கு அந்தக் கட்டிகள் பிடித்துவிட்டன. கொட்டகையின் சிமெண்ட் மேடையில் அதை வைத்து யானை வரைந்தாள். சாக்பீஸ் மாதிரியே எழுதியது.

பிப்ரவரி 1, புதன்

வலை வந்துவிட்டது. நீல நிறம்.

பிப்ரவரி 15, புதன்

தினமும் மாலை ஐந்தரை முதல் ஆறரை வரை பயிற்சி. நான்தான் முதலில் போகிறேன், ஐந்து மணிக்கே. துடைப்பத்தால் பெருக்கி, கோடு போட்டு, வலையை இழுத்துக் கட்டுவேன். மழையில்லாத மாசி மாதம், மண் மாவாகப் பறக்கிறது. ஆட்டம் முடிந்தால் எல்லோருக்கும் ஒரே முகம், பவுடர் பூசின முகம். அங்கே தண்ணீர்க் குழாய் இல்லை. அப்படியே வட்டமாக உட்கார்ந்து, தில்ஷாத் கொண்டுவரும் வேர்க்கடலையைத் தின்றுவிட்டுத்தான் பேருந்துக்கு ஓடுவோம். நாளின் மிக நல்ல பொழுது அது.

ஆலையின் குழந்தைகள் காப்பகம் ஐந்தரைக்கு மூடிவிடுவதால் மித்ராவும் எங்களோடுதான். மண்ணில் வீடு கட்டுகிறாள், இடிக்கிறாள், மறுபடி கட்டுகிறாள்.

காலையில், பேட்டரிக்கு ஈயத் தகடு வார்க்கும் பிரிவில் ஒருவரை விரட்டினேன். கை கழுவாமல் டீக் கோப்பையை எடுத்துவிட்டார். "ஈயம் மூக்கு வழியா மட்டும் போகாது அண்ணா, கை வழியா வாய்க்குப் போகும்" என்று ஒரு சொற்பொழிவே ஆற்றினேன். பாவம், பயந்துவிட்டார்.

மார்ச் 7, செவ்வாய்

இன்று முழு ஆலைக்கும் வருடாந்திர ரத்தப் பரிசோதனை. காலை ஏழு மணியிலிருந்து நூற்று நாற்பத்தாறு பேர். ஒரு நரம்பைக்கூட நான் தவறவிடவில்லை!

ஈயத்தோடு நேரடியாக வேலை செய்யும் ஆண்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை. மற்றவர்களுக்கு வருடத்துக்கு ஒரு முறை. ஒரு டெசிலிட்டர் ரத்தத்தில் எத்தனை மைக்ரோகிராம் ஈயம் என்று சென்னை ஆய்வகம் எண் அனுப்பும். முப்பதைத் தாண்டினால் எங்கள் ஆலையில் ஆளை உடனே வேறு பிரிவுக்கு மாற்ற வேண்டும், சம்பளம் குறையாது. பெண்களை ஈயப் பிரிவுக்குள்ளேயே விடுவதில்லை என்பதால் அவர்களுக்கு எப்போதும் நாலு, ஐந்து என்றுதான் வரும். பத்து வந்தாலே எங்கள் டாக்டர் சம்பந்தம் கண்ணாடியைக் கழற்றிவிடுவார். செவ்வாயும் வெள்ளியும் மட்டும் வருகிறவர், அதிகம் பேசாதவர், கண்ணாடியைக் கழற்றினால் விஷயம் பெரிது என்று அர்த்தம்.

பட்டியலில் என் பெயரும் இருந்தது. கூட்டத்தில் நேரமில்லை. பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

மார்ச் 12, ஞாயிறு

முதல் ஆட்டம். 15-6, 15-9. வென்றோம்!!! தொண்டை போய்விட்டது.

மார்ச் 17, வெள்ளி

விசித்திரம்! இப்படி ஒரு அறிக்கையை நான் பார்த்ததே இல்லை.

தகடு வார்க்கும் ஆண்கள் எல்லோரும் வழக்கம்போல இருபதுக்கும் இருபத்தெட்டுக்கும் நடுவில். பெண்களில் பெரும்பாலோர் நாலு, ஐந்து. ஆனால் பத்துப் பேருக்கு மட்டும் பதினாறிலிருந்து இருபத்து மூன்று வரை. பேக்கிங்கில் மூவர், மோல்டிங்கில் நால்வர், ஸ்டோரில் இருவர், அலுவலகத்தில் ஒருத்தி. அம்சவேணி அக்காவுக்கு இருபத்து மூன்று. தில்ஷாத்துக்குப் பத்தொன்பது. அலுவலகத்துப் பெண்ணுக்கு எங்கிருந்து ஈயம் வரும்? அவள் தொடுவதெல்லாம் கணினி.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஆய்வகத்துல தப்பு நடந்திருக்கும் சார்" என்றேன். "குழாய் மாறியிருக்கலாம். நான் தோலைச் சரியா துடைக்காம குத்தியிருக்கலாம்."

"நூத்து முப்பத்தாறு பேருக்குச் சரியா துடைச்சவங்க, இந்தப் பத்துப் பேருக்கு மட்டும் மறந்துட்டீங்களா? மறுபடி எடுங்க."

மறுபடி எடுத்தேன். அவசரம் என்று எழுதி அனுப்பியிருக்கிறேன். உண்மையைச் சொன்னால் மனம் துள்ளுகிறது. ஒரு துப்பு துலக்கும் வேலை என் கைக்கு வந்திருக்கிறது!

மார்ச் 21, செவ்வாய்

மறுபரிசோதனையும் அதேதான். தப்பு ஆய்வகத்தில் இல்லை.

நான்கு நாளாக வேட்டை. கேன்டீன் தண்ணீர், குடிநீர்த் தொட்டி, பெண்கள் ஓய்வறைக் குழாய் மூன்றையும் சோதிக்க அனுப்பினேன். சுத்தம். சீருடை துவைக்கும் இடத்தைப் பார்த்தேன். ஆண்களுடையது தனி, பெண்களுடையது தனி. காற்று உறிஞ்சும் குழாய்கள் எந்தப் பக்கம் ஊதுகின்றன என்று மாடி ஏறிப் பார்த்தேன். எதுவும் இல்லை.

டாக்டர் பட்டியலைப் பார்த்தபடியே கேட்டார். "இந்தப் பத்துப் பேருக்கும் பொதுவா என்ன இருக்கு?"

"ஒண்ணுமே இல்ல சார். வேற வேற பிரிவு, வேற வேற பஸ், சாப்பிடற நேரம்கூட வேற."

அவர் பட்டியலை என் பக்கம் தள்ளினார். "யோசிங்க" என்றார்.

அரை இறுதி ஞாயிற்றுக்கிழமை. இப்போது அதைத் தவிர வேறு எதையும் யோசிக்க முடியவில்லை.

மார்ச் 26, ஞாயிறு

இறுதி ஆட்டத்துக்குப் போய்விட்டோம்! மூன்றாவது செட்டில் 11-14 என்று பின்தங்கியிருந்தோம். தொடர்ந்து நான்கு புள்ளி! கடைசிப் பந்தை நான் வலையை ஒட்டிப் பிடித்து, பிடித்த வேகத்திலேயே அவர்கள் பின்மூலைக்கு எறிந்தேன். ஆலையின் பெயர் இந்தப் போட்டியில் இறுதிக்கு வருவது இதுதான் முதல் தடவை. கிருபாகரன் சார் தன் செலவில் எல்லோருக்கும் பிரியாணி வாங்கிக் கொடுத்தார். அம்சவேணி அக்கா சாப்பிடவில்லை. வயிறு பிசைகிறதாம், ஒரு வாரமாக. பதற்றம்தான் காரணம் என்று சொன்னேன்.

எனக்கும் பிரியாணி ருசிக்கவில்லை. வாயில் ஏதோ இரும்பு வாசம். வெயில்.

ஏப்ரல் 3, திங்கள்

பயிற்சியின் நடுவில் மித்ரா வாந்தி எடுத்தாள். குழந்தை இரண்டு வாரமாகச் சரியாகச் சாப்பிடுவதில்லை என்று காப்பகத்து ஆயா மதியமே சொல்லியிருந்தார். பாட்டில் தண்ணீரில் முகம் கழுவிவிட்டேன். உதட்டிலும் நகக்கண்ணிலும் அந்தக் கட்டிகளின் சாம்பல் நிறம்.

ஏப்ரல் 4, செவ்வாய்

எழுதிவிடுகிறேன்.

பதினான்கு நாளாக எனக்குத் தெரியும். டாக்டர் பொதுவாக என்ன இருக்கிறது என்று கேட்டபோதே தெரியும். அந்தப் பத்துப் பேரின் பெயரும் எங்கள் அணிப் பட்டியலில் அதே வரிசையில் இருக்கிறது. பதினோராவது பெயர் மட்டும் அறிக்கையில் இல்லை. அவள் ரத்தமே கொடுக்கவில்லையே, எப்படி இருக்கும்?

இறுதி ஆட்டம் முடியட்டும், பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன். பெரியவர்கள்தானே, ஒரு மாதத்தில் என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன். மித்ராவை நினைக்கவே இல்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

காலையில் டாக்டர் வருவதற்குள் மைதானத்தின் நான்கு மூலையிலும் நடுவிலும் மண் எடுத்து டப்பாவில் அடைத்தேன். என் கையிலேயே ஊசி குத்தி ரத்தம் எடுத்துக்கொண்டேன். டாக்டர் உள்ளே வந்ததும் எல்லாவற்றையும் மேசைமேல் வைத்தேன். சொன்னேன்.

திட்டுவார் என்று நினைத்தேன். டப்பாக்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார்.

"இன்னும் யாராவது அங்க விளையாடறாங்களா?"

"இன்னைக்கு ஒரு ஆளும் போக மாட்டாங்க சார். கேட்டைப் பூட்டிட்டேன்."

"குழந்தைக்கும் ரத்தம் எடுக்கணும். அவங்கம்மாகிட்ட நீங்க சொல்லணும். நான் சொல்றது சரியா இருக்காது."

ஏப்ரல் 4, அதே நாள், மாலைப் பேருந்தில்

சொல்லிவிட்டேன். மருத்துவ அறையில், கதவைச் சாத்திக்கொண்டு. மைதானத்து மண், ஈயம், வயிற்றுவலி, மித்ரா என்று எல்லாவற்றையும்.

அம்சவேணி அக்கா முழுவதும் கேட்டாள். ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"உனக்கு எப்பலேருந்து தெரியும்?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "ரெண்டு வாரமாக்கா."

அவள் எழுந்தாள். காப்பகத்துக்குப் போய் மித்ராவை அழைத்துவந்து, மடியில் வைத்துக்கொண்டு, குட்டிக் கையை என் பக்கம் நீட்டினாள். "எடுங்க சிஸ்டர்" என்றாள். நான் இங்கே வேலைக்கு வந்த பதினான்கு மாதத்தில் அவள் என்னை நிரோ என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள்.

குழந்தை அழவில்லை. நான் ஒரே குத்தில் எடுத்தேன். அம்மா ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏப்ரல் 10, திங்கள்

எல்லா எண்களும் ஒன்றாக வந்தன. மண்ணில் ஈயம் குவிந்து கிடக்கிறது. ஆய்வகத்துக்காரரே போனில் கூப்பிட்டு, "இது எந்த இடத்து மண்ணு மேடம்?" என்று கேட்டார்.

எனக்கு இருபத்தெட்டு. பெண்களில் நான்தான் முதலிடம். தினமும் பெருக்கியவள் அல்லவா.

மித்ராவுக்கு முப்பத்து நாலு.

ஏப்ரல் 11, செவ்வாய்

இன்று நடந்ததை ஒன்றுவிடாமல் எழுத வேண்டும்.

பத்தரைக்கு கிருபாகரன் சார் அறையில் கூட்டம். அவர், டாக்டர், நான். அறிக்கையைப் படித்த சார் வியர்த்துவிட்டார். "இருபது வருஷத்துக்கு முன்னாடி இந்த இடத்துல வேற ஒரு கம்பெனி இருந்துச்சு. பழைய பேட்டரிய உருக்கி ஈயம் எடுத்தாங்க. கசடை எங்க கொட்டினாங்கன்னு அப்ப யாரு கேட்டா?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "மைதானத்தை இன்னைக்கே மூடிடறேன். குழந்தையோட வைத்தியம் கம்பெனி பொறுப்பு. ஆனா இதை மெடிக்கல் ரெஜிஸ்டர்ல எழுத வேணாமே டாக்டர். தொழிற்சாலை ஆய்வாளர் வந்தா ஆலையையே மூடச் சொல்லலாம். நூத்தம்பது குடும்பம் இருக்கு."

அவரை வில்லன் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

டாக்டர் பதில் சொல்லும் முன் கதவு திறந்தது. அம்சவேணி அக்கா. வெளியே நின்று கேட்டிருக்கிறாள். பின்னால் தில்ஷாத், அவளுக்குப் பின்னால் எங்கள் அணி முழுவதும். இடைவேளை நேரம். எல்லோரும் சீருடைக்கு மேல் நீல ஜெர்சி போட்டிருந்தார்கள்!

"சார், எங்க ரத்தம் எங்களுக்குத் தெரியணும்" என்றாள் அக்கா. "ஆளுக்கொரு தாள்ல எழுதிக் குடுங்க. என் பொண்ணுதுக்கும்."

"அம்மா, நாங்க பாத்துக்கறோம், நீங்க..."

"நீங்க பாத்துக்குவீங்க சார். நாளைக்கு நீங்க மாறிப் போயிட்டா? ரெஜிஸ்டர்ல இல்லன்னா என் பொண்ணுக்கு ஈயம் ஏறுனதே இல்லன்னு ஆயிடும்."

தில்ஷாத் எட்டிப் பார்த்துச் சேர்த்துக்கொண்டாள். "அந்தக் கொட்டகைக்கு அந்தாண்ட செக்யூரிட்டி ரூமு இருக்குது சார். அந்த அண்ணனுங்க அங்கயேதான் சாப்புடுறாங்க. காண்டிராக்ட் ஆளுங்கன்னு அவங்களுக்கு எடுக்கவே இல்ல. அவங்களுக்கும் எடுக்கணும்."

எனக்கு அது தோன்றவே இல்லை! டாக்டருக்கும் தோன்றவில்லை. அவர் பேனாவை எடுத்தார். "நான் ரெஜிஸ்டர்ல எழுதறேன். ஆய்வாளருக்கும் எழுதறேன். மறைச்சு வெச்சுக் கண்டுபிடிச்சாதான் மூடுவாங்க, சொல்லிட்டுச் சுத்தம் பண்ணா மூட மாட்டாங்க. கையெழுத்துப் போடுங்க கிருபாகரன்."

பத்துப் பெண்கள் நகரவில்லை. இடைவேளை முடியும் மணி அடித்தது, அப்போதும் நகரவில்லை.

கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்ததும் தில்ஷாத் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அக்கா என்னைத் தாண்டிப் போய்விட்டாள்.

ஏப்ரல் 13, வியாழன்

இனி அணியில் இருக்க எனக்குத் தகுதியில்லை என்று தில்ஷாத்திடம் சொல்லி அனுப்பினேன். அக்காவிடமிருந்து பதில் வந்தது: "பதினோரு பேர்தான் இருக்கோம். ஒழுங்கா வரச் சொல்லு."

ஏப்ரல் 17, திங்கள்

புதிய மைதானம் எது தெரியுமா? பேருந்து நிறுத்தத்துக்கு எதிரில் இருக்கும் கல்யாண மண்டபத்தின் கார் நிறுத்துமிடம்! சிமெண்ட் தளம். தூசி கிடையாது, குழாய் உண்டு. மண்டபத்துக்காரர் தில்ஷாத்தின் மாமனாருக்குத் தெரிந்தவர். பயிற்சி முடிந்ததும் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவுகிறோம், வேர்க்கடலை அதற்குப் பிறகுதான்.

இன்று உள்ளே வரவேற்பு. கோட் போட்ட மாப்பிள்ளை வெளியே வந்து பத்து நிமிஷம் எங்கள் ஆட்டத்தைப் பார்த்தார். மணப்பெண்ணைத் தேடிக்கொண்டு போன ஒரு மாமி, கூட வந்தவளிடம், "ஏண்டி, அந்த உயரமான பொண்ணு நல்லா எறியறாளே" என்று அம்சவேணி அக்காவைக் காட்டிச் சொன்னார்.

அக்கா என்னிடம் பேசுவதில்லை. எறிகிறாள். அணியில் இருக்கும் எல்லோரையும்விட என் பக்கம்தான் பலமாக எறிகிறாள். ஒவ்வொன்றையும் பிடித்தேன். உள்ளங்கை சிவந்துவிட்டது. பதினேழாவது பந்தோ பதினெட்டாவதோ, பிடித்துத் திருப்பி எறிந்தபோது, "முட்டியை மடக்கிப் பிடி நிரோ, மணிக்கட்டு போயிடும்" என்றாள். சொன்ன பிறகுதான் தான் பேசியது அவளுக்கே உறைத்தது போலிருக்கிறது. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

பேருந்தில் சிரித்துக்கொண்டே வந்தேன். கண்டக்டர் ஒரு மாதிரி பார்த்தார்.

ஏப்ரல் 21, வெள்ளி

ஆய்வாளர் வந்தார், இரண்டு பேரோடு. ஆலையை மூடவில்லை! மைதானத்தைச் சுற்றித் தகரம் அடிக்க வேண்டும், மண்ணை முறைப்படி அள்ளி அப்புறப்படுத்த வேண்டும், மூன்று மாத அவகாசம். காவலாளிகள் நால்வருக்கும் ரத்தம் எடுத்தேன். இரண்டு பேருக்கு இருபதுக்கு மேல். அவர்கள் அறை இன்று முன்கேட்டுக்கு மாறியது.

ஏப்ரல் 28, வெள்ளி

இறங்குகிறது! இறங்குகிறது!

அக்கா இருபத்து மூன்றிலிருந்து பதினெட்டு. தில்ஷாத் பதினைந்து. நான் இருபத்து மூன்று. மித்ரா முப்பத்து நாலிலிருந்து இருபத்தேழு. அவளுக்கு ஊசி மருந்து எதுவும் தேவைப்படாது, இரும்புச் சத்தும் பாலும் முட்டையும் கொடுத்து மாதா மாதம் பார்த்தால் போதும், ஆனால் படிப்பிலும் நடத்தையிலும் சில வருஷம் கவனம் வைக்க வேண்டும் என்று குழந்தை மருத்துவர் சொல்லியிருக்கிறார். அந்தக் கடைசி வரியை நான் நான்கு முறை படித்தேன்.

தாளை அக்காவிடம் கொடுத்தேன். மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். "ரெண்டு முட்டை திங்கறா இப்ப" என்றாள், என்னிடம்.

மே 1, திங்கள்

தோற்றுவிட்டோம். 15-12, 10-15, 13-15. மூன்றாவது செட்டில் 13-13 வரை வந்தோம்! ஒரு பந்து வலையில் உரசி எங்கள் பக்கமே விழுந்தது. என் பந்து. அரை அங்குலம்.

அழுதேன் என்று சொல்லமாட்டேன். தில்ஷாத் அழுதாள்.

எங்களை வென்றவர்கள் பெயிண்ட் தொழிற்சாலைப் பெண்கள். பரிசு வாங்கிய பிறகு அவர்களுடைய கேப்டன் எங்களிடம் வந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். "உங்க மைதானத்த மூடிட்டாங்களாமே, ரத்தத்துல ஏதோ வந்துச்சாமே, நெஜமா?" என்று கேட்டாள்.

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அம்சவேணி அக்கா அவளைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். அவர்கள் அணியும் வந்து உட்கார்ந்தது. கோப்பையை நடுவில் வைத்துக்கொண்டு இருபது பேருக்கு மேல் தரையில் உட்கார்ந்தோம். அக்கா ஆரம்பத்திலிருந்து சொன்னாள். வயிற்றுவலி, மித்ரா, எண், அறைக்குள் ஜெர்சியோடு போனது. எதையும் விடவில்லை. "இவளுக்குத் தெரிஞ்சும் ரெண்டு வாரம் சொல்லல" என்று என்னைக் காட்டியே சொன்னாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையைக் குனியவில்லை, அது உண்மைதானே.

"ஆனா வந்து சொன்னவளும் இவதான்" என்றாள் அக்கா. "இவ சொல்லலன்னா இன்னும் அங்கதான் ஆடிக்கிட்டிருப்போம்."

அந்தப் பெண் தன் கைகளைத் திருப்பிப் பார்த்தாள். "எங்க கம்பெனியில நர்ஸும் கிடையாது, ரத்தமும் எடுக்கறதில்ல. நான் கலர் பவுடர் கலக்கற எடத்துல நாலு வருஷமா இருக்கேன்" என்றாள்.

பெயிண்ட் நிறப்பொடியிலும் ஈயம் இருக்கலாம். என் பையில் எப்போதும் இருக்கும் பேனாவை எடுத்தேன். எழுதத் தாள் இல்லை. அவள் உள்ளங்கையை நீட்டினாள். பரிசோதனையின் பெயரையும், யாரிடம் எழுத்தில் கேட்க வேண்டும் என்பதையும், என் போன் எண்ணையும் எழுதினேன். பக்கத்திலிருந்தவளும் கையை நீட்டினாள். அதற்கடுத்தவளும்.

ஒன்பது கைகளில் எழுதினேன். பத்தாவது கைக்கு மை தீர்ந்துவிட்டது. அக்கா எழுந்து நடுவரின் மேசையிலிருந்து பேனா வாங்கிவர ஓடினாள்.